சாதாரண வாழ்க்கைக்கு மார்க் எவ்வளவு?

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் 20 வருஷமாக எழுத்தர். வேலை, வீடு, டி.வி. இப்படியே ஓடும் வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?

பதில்: மொத்த வாழ்க்கையையும் ஒரேயடியாக எடை போடாதீர்கள். ஒரு வாரம் நோட்டில் மணிக்கொரு வரி எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், அதில் மகிழ்ச்சி எவ்வளவு, முடித்த திருப்தி எவ்வளவு. இரண்டுக்கும் தனித்தனியே 10-க்கு மார்க். ராத்திரி மொத்தமாக எழுதக் கூடாது. அசதியில் எல்லாமே 2, 3 என்றுதான் விழும். பேரேடு டாலி ஆனதற்குத் திருப்தி 7, டி.வி.க்கு மகிழ்ச்சி 3 என்றுகூட வரலாம் (பலரையும் ஏமாற்றுவது டி.வி.தான்). அதிக மார்க் வாங்கிய இரண்டு வேலைகளை அடுத்த வாரம் கிழமை, நேரம் குறித்து இன்னும் கூடுதலாகச் செய்யுங்கள்.

2 வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் அது தத்துவக் கேள்வி இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.