60 சதவீத கீபோர்டில் நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சு, ராத்திரி வேலரன்ட்: சரிவருமா?

கேள்வி: "மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க வேர்டில் தமிழ்99 தட்டச்சு, ராத்திரி நண்பர்களோடு வேலரன்ட். மேசை சின்னது, இப்போது இருக்கும் பெரிய கீபோர்டு மவுஸ் நகர இடமே விடுவதில்லை. 60 சதவீத மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சரிவருமா? எந்த சுவிட்ச் எடுப்பது? ப்ளூடூத் தேவையா?"

விளையாட்டுக்கு நன்றாகவே சரிவரும், ஆனால் உங்கள் எழுத்து வேலைக்கு வராது. 75 சதவீதம் எடுங்கள், அது பிடிக்கவில்லை என்றால் 65. 60 வேண்டாம். (சதவீதம் என்பது முழு அளவுக் கீபோர்டில் தோராயமாக எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு: 60-இல் எண் பகுதி, அம்புக்குறி, எஃப்1 முதல் எஃப்12 வரையான எஃப் வரிசை எதுவும் கிடையாது, 65-இல் அம்புக்குறி உண்டு, 75-இல் எஃப் வரிசையும் உண்டு.) ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "சின்னதாக இருந்தால் மவுஸுக்கு நிறைய இடம்" என்ற ஒரே கணக்கில் வாங்கிவிட்டு, அம்புக்குறி இல்லாமல் மாதக்கணக்கில் அல்லாடுபவர்கள் ரொம்பப் பேர்.

முதலில் அந்த இடக் கணக்கைப் பார்ப்போம். இந்தக் கீபோர்டுகளில் ஒரு சாதாரண எழுத்துக் கீக்கு, இடைவெளியும் சேர்த்து, 19.05 மி.மீ. அகலம். முழு அளவுக் கீபோர்டு 22.5 கீ அகலம், அதாவது சுமார் 42.9 செ.மீ. எண் பகுதியை மட்டும் வெட்டிய 87 கீ போர்டு 18.25 கீ அகலம், அது 34.8 செ.மீ. 75-உம் 65-உம் 16 கீ அகலம், 30.5 செ.மீ. 60 என்பது 15 கீ அகலம், 28.6 செ.மீ. சட்டத்தின் ஓரங்களை இதில் சேர்க்கவில்லை, 75-இல் சிலது அரை சென்டிமீட்டர் கூடுதலாகவும் இருக்கும். சரி, இப்போது கழித்துப் பாருங்கள்: பெரிய கீபோர்டிலிருந்து 75-க்கு வந்தாலே மவுஸுக்கு 12 செ.மீ.க்கு மேல் கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து 60-க்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 2 செ.மீ. கூட இல்லை. அந்த 2 செ.மீ.க்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது நான்கு அம்புக்குறிகள், டெலீட், ஹோம், எண்ட், எஃப் வரிசை முழுவதும். 65-க்கும் 75-க்கும் அகலத்தில் வித்தியாசமே இல்லை. எஃப் வரிசை மேல்பக்கம் கூடுவதால் ஆழம்தான் இரண்டு சென்டிமீட்டர் போல ஏறும், மவுஸ் அந்தப் பக்கம் போவதே இல்லை.

விளையாட்டுப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேலரன்டில் இயல்பாக வரும் அமைப்பில் நடக்க, குனிய, திறன்களைப் பயன்படுத்த, பொருள் வாங்க, வரைபடம் பார்க்க என எல்லாமே எழுத்துக் கீகளிலும் ஷிஃப்ட், கன்ட்ரோல், டேப் கீகளிலும் முடிந்துவிடும், 60-இல் இருக்கும் 61 கீக்குள் அடங்கும். வேறு விளையாட்டுகளுக்குப் போனால்தான் இடிக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கன்சோல் திறக்கும் கீ எண் 1-க்கு இடப்பக்கம் இருப்பது, 60-இல் அந்த இடத்தை எஸ்கேப் பிடித்துக்கொள்ளும். மைன்கிராஃப்டில் எஃப்3, எஃப்5 வேண்டும். ஜிடிஏ 5-இல் போனை எடுக்க மேல் அம்புக்குறி வேண்டும். எல்லாவற்றையும் எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தலாம்தான், ஆனால் சண்டை நடுவில் இரண்டு விரலைக் கோத்து அழுத்துவது யாருக்கும் பிடிப்பதில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன், பிரச்சினை இங்கேதான். மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் தட்டச்சு செய்வதைவிடத் திருத்துவது அதிகம். வாக்கியத்தைப் பின்னால் தள்ளுவது, ஒரு சொல்லைத் தேர்ந்து அழிப்பது, வரி முடிவுக்குத் தாவுவது என்று கை சதா அம்புக்குறியைத் தேடும். தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேர்டிலும் பெரும்பாலான செயலிகளிலும் "கொ" என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கொம்பும் காலும் மட்டும் போய் "க" மிஞ்சும். முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் முழு எழுத்தும் போகும். அதாவது தமிழில் பேக்ஸ்பேஸும் டெலீட்டும் ஒரே வேலையை இரண்டு திசையில் செய்பவை அல்ல, இரண்டு வெவ்வேறு கருவிகள். "கொடுத்தான்" என்பதைக் "கெடுத்தான்" என்று திருத்த பேக்ஸ்பேஸ், எழுத்தையே தூக்க டெலீட். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு டெலீட் இல்லாத கீபோர்டு அவ்வளவு உறுத்தாது. நமக்கு உறுத்தும்.

அம்புக்குறி இல்லாத கீபோர்டை உலகமே கொண்டாடுகிறதே என்று கேட்கலாம். 1996-இல் ஜப்பானின் பிஎஃப்யூ நிறுவனம் கொண்டுவந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டுதான் இந்த வகையில் பேர்போனது, டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எயிச்சி வாதா வடிவமைத்தது. அது யூனிக்ஸ் நிரலாளர்களுக்கானது. வி-ஐ போன்ற எடிட்டரில் எச், ஜே, கே, எல் கீகளே அம்புக்குறி வேலையைச் செய்துவிடும், கன்ட்ரோல் கீ ஏ-க்குப் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு வசதி. அவர்கள் கைப்பழக்கத்துக்கு அது கச்சிதம். வேர்டில் நாள் முழுக்க உட்காருபவருக்கு அதே வடிவம் ஏன் பொருந்த வேண்டும்?

தமிழ்99 எழுத்துகளைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம், அவை எல்லாம் நடு மூன்று வரிசைக்குள்ளேயே இருப்பதால் 60-இலும் எதுவும் தொலையாது. ஆனால் கவனியுங்கள், ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் நிறுத்தக்குறிக் கீகளில் இருக்கின்றன. ச, ஞ சதுர அடைப்புக்குறிகளில், ந அரைப்புள்ளியில், ய அதற்கு அடுத்ததில், ழ சாய்கோட்டில். அம்புக்குறியை எப்படியாவது நுழைக்க வேண்டும் என்று செய்த சில 64 கீ போர்டுகளில் சாய்கோட்டைத் தூக்கி மேல் அம்புக்குறிக்கு வலப்பக்கம் வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது எப்போதோ தொடும் கீ, நமக்கு அது ழ. "தமிழ்" என்று எழுதவே விரல் ஒரு கீயைத் தாண்டிப் போக வேண்டும். வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கி, புள்ளிக்கு அடுத்து சாய்கோடு, அடுத்து ஷிஃப்ட் என்ற வரிசை இருக்கிறதா பாருங்கள். 65, 75 இரண்டிலும் வலது ஷிஃப்ட் கொஞ்சம் குட்டையாக இருக்கும். கிரந்த எழுத்துகள் இடது கைப் பக்கம் இருப்பதால் ஜ, ஷ அடிக்க வலது ஷிஃப்டைத் தேடும்போது முதல் சில நாள் மேல் அம்புக்குறி பட்டு கர்சர் மேல் வரிக்கு ஓடும், பழகிவிடும். சில 65-களில் டெலீட்டுக்குத் தனிக் கீ இல்லாமல் ஹோம், பேஜ் அப் எல்லாம் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சுக்கு, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் இருந்து அழுத்தத்தைப் பதிவு செய்யும் பொறிக்கு வருவோம். செர்ரி தன் எம்எக்ஸ் சுவிட்சுகளுக்குச் சொல்லும் விசை அளவு: சிவப்பு 45, பழுப்பு 55, நீலம் 60 சென்டிநியூட்டன். மற்ற நிறுவனங்களின் சிவப்பு, பழுப்பு, நீலமும் ஏறக்குறைய இதே குணத்தில்தான் வரும், எண்கள் கொஞ்சம் மாறலாம். உங்களுக்கு என் தேர்வு சிவப்பு, அதாவது தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும் லேசான சுவிட்ச். விளையாட்டுக்கு அது நல்லது என்பது எல்லோரும் சொல்வது. தமிழ்99-க்கும் அதுதான் நல்லது என்பதை யாரும் சொல்வதில்லை. ச, ஞ, ந, ய, ண அத்தனையும் வலது சுண்டுவிரல், சரியான விரல் முறையில் ழ-வும் அதே விரல். ஆங்கிலத் தட்டச்சில் அந்த விரலுக்கு இவ்வளவு வேலை கிடையாது. கனமான ஸ்பிரிங் இருந்தால் சாயங்காலம் அந்த விரல்தான் முதலில் வலிக்கும். அழுத்தும்போது ஒரு சின்ன முட்டல் தெரிந்தால்தான் எழுத வருகிறது என்பவர் பழுப்பு எடுக்கலாம், தப்பில்லை. நீலம் வேண்டாம்: ராத்திரி பக்கத்து அறையில் தூங்குபவருக்குக் கேட்கும், அதோடு அது பதியும் இடமும் விடுபடும் இடமும் வேறுவேறு என்பதால் ஒரே கீயைச் சடசடவென்று அடிக்கச் சிரமம்.

காந்த சுவிட்ச் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலரன்ட் ஆடும் நண்பர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பிரபலமாக்கிய வகை. கீ எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் காந்தப்புலத்தை வைத்து அளக்கும், விரல் லேசாக மேலே எழுந்த கணமே கீ விட்டதாகக் கணக்கு வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று சுடுவதற்கு இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதைத் தொட்டவுடன் பதியும் அளவுக்கு வைத்துவிட்டு மறுநாள் கட்டுரை தட்டினால் விரல் ஓய்வாகக் கிடக்கும் கீயெல்லாம் எழுத்தாக விழும். தமிழ்99-இல் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் ஈ, அ, இ, உ. நீங்கள் ஓடுவதும் அந்த நான்கில்தான், உயிரெழுத்து போடுவதும் அங்கேதான். காந்த வகை வாங்கினால் இரண்டு புரொஃபைல் வைத்துக்கொண்டு, எழுதும் புரொஃபைலில் 1.5 முதல் 2 மி.மீ. ஆழத்தில் பதியும்படி வையுங்கள். எதிரெதிர் கீ இரண்டையும் அழுத்தினால் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அந்த விளையாட்டின் நிறுவனமான வால்வ் அதை 2024 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது.

ப்ளூடூத் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. பெரும்பாலான போர்டுகள் ப்ளூடூத்தில் நொடிக்கு 125 முறைதான் கணினிக்குத் தகவல் சொல்லும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை. வயரிலோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளிலோ 1000 முறை. எழுத இது தெரியவே தெரியாது, ஆட வயரைச் செருகிவிடுங்கள்.

அப்புறம், இரண்டு மொழியில் தட்டச்சு செய்துகொண்டே விளையாடுபவர்கள் எல்லோரும் மாட்டும் ஒரு விஷயம். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் உள்ளீட்டு மொழி மாறும். வேலரன்டில் ஷிஃப்ட் என்பது மெதுவாக நடப்பது, கை தவறி ஆல்ட் பட்டால் தமிழ்99-க்குத் தாவி, அடுத்து சாட்டில் அடிப்பதெல்லாம் தமிழாக விழும். அமைப்புகளில் தட்டச்சுப் பகுதிக்குப் போய், மேம்பட்ட கீபோர்டு அமைப்புகளுக்குள் இருக்கும் மொழி மாற்றுக் குறுக்குவழியை எடுத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் போதும். பெரும்பாலான கேமிங் போர்டுகளில் விண்டோஸ் கீயைப் பூட்டும் வசதி உண்டு, ஆடும்போது பூட்டினால் அந்த வழியும் அடையும்.

இவ்வளவுக்கும் மேல் 60-தான் வேண்டும் என்றால், கீகளின் வேலையை மாற்றியமைக்க உதவும் வயா அல்லது க்யூஎம்கே மென்பொருள் ஆதரவு உள்ள போர்டாக எடுங்கள், கீகளை மாற்றினால் அது போர்டின் நினைவிலேயே பதிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, ஆகவே கேப்ஸ் லாக் உங்களுக்குச் சும்மா கிடக்கும் கீ. அதை எஃப்என் ஆக்கி, பிடித்துக்கொண்டு ஐ, ஜே, கே, எல் அடித்தால் நான்கு அம்புக்குறி, பேக்ஸ்பேஸ் அடித்தால் டெலீட் என்று வைத்தால் கை எழுத்து வரிசையை விட்டு நகரவே வேண்டாம். ஆட்டோஹாட்கீ போன்ற மென்பொருளில் இதைச் செய்தால் ஆடும் முன் அதை மூடிவிடுங்கள், மோசடித் தடுப்பு மென்பொருள்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும்.

எதை வாங்கினாலும் சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். ஒரு சுவிட்ச் கெடும்போது பெரும்பாலும் ஒரு முறை அடித்தால் இரு முறை பதியும். ஆங்கிலத்தில் அது எழுத்துப்பிழையாகக் கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-இல் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் தானே புள்ளி வைத்துக்கொள்ளும் என்பதால் "பாடு" "பாட்டு" ஆகும், "பாகு" "பாக்கு" ஆகும், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. புதுக் கீபோர்டு வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நான்கைந்து பக்கம் உண்மையான வேலையை அதில் தட்டி, இரட்டித்த மெய் எங்கே வந்திருக்கிறது என்று மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒரே கீயில் திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்காமல் மாற்றிக் கேளுங்கள்.