அம்மாவுடன் புதுச்சேரி உணவு நடை

சகோதரி, முழங்கால் வலி உள்ள, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவை வழிகாட்டியோடு நடந்தே ஊர்ப் பண்டங்களை ருசிக்கும் மூன்று மணி நேர உணவு நடைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பழைய நகரம் முழுக்கச் சமதரைதான். வெயிலுக்கு முன் தொடங்குங்கள், களைத்தால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

சாயோவில் மட்டும் கவனம் தேவை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் பிழைக்கப் போன நம் குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாம் பண்டம் அது. மெல்லிய அரிசித் தாளில் சுருட்டி, மொறுமொறுவெனப் பொரித்து, புதினாவோடு தருவார்கள். உள்ளே பெரும்பாலும் கொத்திய இறைச்சியோ இறாலோ இருக்கும்; தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்! வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெரிய மார்க்கெட்டில் தாளிப்பு வடகம் கிடைத்தால், ஓர் உருண்டையை அம்மாவை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுச் சமையலின் 'வடூவான்' மசாலா அதிலிருந்து பிறந்ததுதான்.