காஸ்ட்ரிக் என்று சொன்னது யார்?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 15 வயது. 11 வயதில் முதல் வகை இனிப்புநீர் (நீரிழிவு) வந்தது. ஒரு நாளைக்கு நான்கு இன்சுலின் ஊசி. போன வருடம் வரை ஒழுங்காக இருந்தவள் இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். சர்க்கரை அளவு எழுதும் புத்தகத்தில் தினமும் 6, 7 என்று எழுதுவாள். மருத்துவமனையில் மூன்று மாதச் சராசரி பார்த்தால் 11 விழுக்காடு! நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில், வழக்கம்போல் கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வா என்றேன் (சொந்தக்காரர்களுக்குக் காஸ்ட்ரிக், வயிற்றுக் கோளாறு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்). போடாமலேயே வந்து சாப்பிட்டிருக்கிறாள். இரவெல்லாம் வாந்தி. அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் இன்னொரு கல்யாணம், வரமாட்டேன் என்கிறாள். இப்படிப் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாள்?
- பெயர் வேண்டாம், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் கேள்விக்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, தங்கச்சி. அதுவும் அடைப்புக்குறிக்குள்.

நான்கு வருடமாக உங்கள் வீட்டில் ஒரு பொய் நடக்கிறது. அதைத் தொடங்கியது அவள் இல்லை. 11 வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அவளுக்குக் காஸ்ட்ரிக்" என்று சொன்னது நீங்கள். தன் உடம்பில் இருப்பது வெளியே தெரியக்கூடாத ஒன்று, யாராவது கேட்டால் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் அன்றைக்கே புரிந்துகொண்டாள். இப்போது அதே பாடத்தை உங்களிடமே ஒப்பிக்கிறாள். உங்களுக்குப் பிடித்த எண்ணை எழுதிக் காட்டுகிறாள்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள், அதுதானே? எத்தனையோ கடிதத்தில் படித்துவிட்டேன். சரி, மறைத்தே கட்டிக் கொடுத்தால் மறுநாள் காலையில் ஊசியை எங்கே போய்ப் போடுவாள்? மாமியார் வீட்டுக் கழிப்பறையிலா? ஓடுகிற மாப்பிள்ளை முன்னாலேயே ஓடட்டும்.

அந்தக் கல்யாண மண்டபக் கழிப்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தரை முழுக்கத் தண்ணீர். பையை மாட்டலாம் என்றால் கொக்கி உடைந்திருக்கும். பட்டுப்பாவாடையை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு, இன்சுலின் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, புது ஊசியைத் திருக வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசி, ஓர் அரிசி நீளம்கூட இருக்காது, வலி பெரிதில்லை. ஆனால் மருந்தைச் செலுத்திய பிறகு பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது. ஐந்து எண்ணுவதற்குள் யாராவது ஓர் அத்தை கதவைத் தட்டுவார். பதறி உருவினால் மருந்து கசிந்துவிடும். இத்தனையையும் "போட்டுக்கொண்டு வா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவள் போடாமல் வந்தது தப்பு, ஆபத்தான தப்பு. இல்லை என்று நான் சொல்லவில்லை.

1922 ஜனவரியில், கனடாவின் டொரொண்டோவில், முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது ஒரு 14 வயதுப் பையனுக்குத்தான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையை உயிரோடு வைத்திருக்கும் மருந்தைச் சாராயப் போத்தல் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறீர்களே!

இது பாட்டிக்கு அறுபது வயதில் வந்த இனிப்புநீர் இல்லை. மைலோ அதிகம் குடித்ததால் வந்ததும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. பாகற்காய்ச் சாறு குடித்தால் அவை திரும்பி வராது. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பள்ளியிலும் இதே காஸ்ட்ரிக் கதைதானா? அப்படியென்றால் திங்கட்கிழமையே போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி அவள் மேசையில் சாய்ந்தால், காஸ்ட்ரிக்தானே என்று தோழிகள் வெந்நீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அவளுக்கு அப்போது வேண்டியது 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும். இது தெரிந்தவர் அவள் வகுப்பில் இரண்டு பேராவது இருக்க வேண்டாமா?

இரவெல்லாம் வாந்தி என்று ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஊசியைத் தவறவிட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். இனிமேல் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் புத்தகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். அளவு பார்க்கும் கருவியிலேயே பழைய எண்கள் இருக்கும். இரவில் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். 14 என்று காட்டினாலும் முகம் சுளிக்கக் கூடாது. இந்த வயதில் வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கிவிடும். போன வருடம் போதுமாக இருந்த அளவு இந்த வருடம் போதாமல் போகலாம். எல்லா 14-க்கும் அவளே காரணம் இல்லை. இரவு ஊசியை நீங்களே எடுத்துக் கொடுத்து, போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். பெரிய பிள்ளை, தானே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுகிற வயதா இது? அப்புறம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். உங்கள் முன்னால் சொல்லாததை அவரிடம் சொல்லட்டும். எடை கூடுகிறது என்று பயந்து இன்சுலினைக் குறைக்கிற பெண்களும் உண்டு. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். (உங்கள் கணவர் கடிதத்தில் எங்கேயுமே வரவில்லை. அவருக்கு ஊசி போடத் தெரியுமா?)

பட்டர்வொர்த் கல்யாணத்துக்கு அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முதலில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அம்மா பிள்ளையிடம் கேட்பதா என்று யோசிக்காதீர்கள், கேளுங்கள். வருகிறேன் என்றால், பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். இலை போட்டதும் பேனாவை எடுத்து நீங்களே மேசைமேல் வையுங்கள். நாத்தனார் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவள் இல்லை. "இன்சுலின் அண்ணி, சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் கேளுங்கள்.