தையல் கேள்வி பதில்: வயிறு தெரியாத கவுன் எது?

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு வயிறு சற்று முன்தள்ளி இருக்கிறது. வரவேற்பு ஒன்றுக்குக் கவுன் வாங்கப் போனேன். "மார்புக்குக் கீழே சுருக்கு வைத்ததைப் போடுங்கள், வயிறே தெரியாது" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் ஏழு மாதக் கர்ப்பிணிபோல் இருக்கிறேன். ஏ-லைன், எம்பயர், பிரின்சஸ் என்கிறார்களே, எனக்கு எது பொருந்தும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வயிறு இருக்கிறது என்று சொன்ன உடனே சுருக்கு வைத்த கவுனை நீட்டுவது கடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் கோபமே உண்டு. உங்களுக்குக் கொடுத்தது எம்பயர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் பெண்கள் விரும்பி உடுத்திய அமைப்பு அது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபினின் ஓவியங்களில் பார்க்கலாம். அவர்கள் அதை மெல்லிய மஸ்லினில் தைத்தார்கள். மஸ்லின் சுருக்கு வைத்தாலும் உடம்போடு இறங்கும். இன்று அதையே விறைப்பான துணியில், கனத்த லைனிங் வைத்துத் தைக்கிறார்கள். துணி மார்பிலிருந்து கிளம்பி, வயிற்றின் முன்னால் கூடாரம்போல் நின்றுவிடுகிறது. மார்பு பெரிதாக இருந்தால் இன்னொரு தொல்லை: அந்தத் தையல் மார்புக்குக் கீழே உட்காராமல் மேலே ஏறிக்கொள்ளும். கண்ணாடி முன் கையை உயர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏ-லைன் என்ற பெயர் கிறிஸ்டியன் டியோர் 1955 வசந்தகாலத்துக்கு வெளியிட்ட உடைகளிலிருந்து பரவியது. இன்று நாம் அப்படிச் சொல்வது, தோளும் மார்பும் பொருந்தி, அங்கிருந்து கீழே மெல்ல விரியும் உடையை. அன்றாடம் அணிய நல்லது. ஆனால் வயிறு முன்தள்ளி இருந்தால் முன்பக்கக் கீழ்விளிம்பு தூக்கிக்கொள்ளும். தைக்கக் கொடுப்பதானால் முன் நடுவில் முக்கால் அங்குலம் நீளம் கூட்டி வெட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பிரின்சஸ். பிரின்சஸ் கட் ரவிக்கை போட்டிருப்பீர்கள். அதே தையல் கோட்டை இடுப்போடு நிறுத்தாமல் கீழ்விளிம்பு வரை இறக்கினால் அதுதான் பிரின்சஸ் கவுன். தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ தொடங்கி, மார்பின் மேல் வளைந்து, நேராகக் கீழே போகும். இடுப்பில் குறுக்குத் தையல் கிடையாது. உடல் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் டாட் தனியாகப் பிடிக்கவும் வேண்டாம், அந்த அளவெல்லாம் தையலுக்குள்ளேயே போய்விடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என ஆறு தையல்கள். ஒவ்வொன்றிலும் இருபுறமும் கால் அங்குலம் பிரித்துவிட்டாலே சுற்றளவு 3 அங்குலம் கூடும். அதனால் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். மார்பு வளைவில் மட்டும் உள்துணியில் சிறு சிறு வெட்டுக் கொடுத்து இஸ்திரி போட வேண்டும். இதைச் செய்யாத கவுன் அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். வாங்கி வரும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஷிஃபானில் அம்பிரெல்லா ஃபிராக் தைத்தேன். கொடுத்த அன்று சரியாக இருந்தது. ஒரு வாரம் ஹேங்கரில் தொங்கிய பிறகு கீழ்விளிம்பு ஏறி இறங்கி இருக்கிறது. துணி மட்டமா?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: துணியைக் குறை சொல்ல வேண்டாம். வட்டமாக வெட்டும்போது சில இடங்களில் இழை நேராகவும் சில இடங்களில் கிராஸாகவும், அதாவது சாய்வாகவும் விழும். கிராஸாக விழுந்த இடம் தன் எடையிலேயே நீளும். பாரிஸில் மெடலின் வியோனே 1920, 30-களில் இந்த நெகிழ்வை வைத்தேதான் உடலோடு வழியும் கவுன்களைப் படைத்தார். துணியின் குணம் தெரிந்த மேதை அவர். வெட்டி, இடுப்பு தைத்ததும் இரண்டு நாள் தொங்கவிட்டு, நீள்வது நீண்ட பிறகே கீழ்விளிம்பை மடிக்க வேண்டும். உங்கள் ஃபிராக்கையும் காப்பாற்றலாம். அதை அணிந்து நில்லுங்கள். ஒருவர் தரையிலிருந்து அடிக்கோலால் அளந்து சுற்றிலும் குறியிடட்டும். மிச்சத்தை வெட்டிவிட்டு மெல்லியதாக மடித்தால் போதும்.

கேள்வி: என் பழைய பட்டுப்புடவையில் பத்து வயது மகளுக்கு ஃபிராக் தைக்க ஆசை. அம்பிரெல்லா கட் கேட்கிறாள்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஜரிகை பார்டர் வளையாது. அம்பிரெல்லா வெட்டினால் பார்டரைத் துண்டு துண்டாக ஒட்டுப்போட வேண்டி வரும். நேர்த்துணியில் சுருக்கு வைத்த பாவாடை அமைப்பே சரி. பார்டர் அப்படியே கீழ்விளிம்பாக நிற்கும். வெட்டுவதற்கு முன் புடவையை வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு இருந்த கோடுகளைப் பாருங்கள். பட்டு முதலில் அங்கேதான் விரியும். அந்த இடங்களை ஒதுக்கி வெட்டி, உள்ளே பருத்தி லைனிங் கொடுங்கள். பார்டருக்கு மேலே ஒரு டக், அதாவது மடிப்புத் தையல், பிடித்து வையுங்கள், அவள் வளர வளரப் பிரித்துவிடலாம். அதை மட்டும் மிஷினில் ஓட்டாமல், பெரிய தையலாகக் கையால் போட்டால் ஊசித் தடம் அதிகம் தெரியாது.