எடை சரி, தொப்பை மட்டும்தான் என்கிறீர்களா?

கேள்வி: வயது 46. உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. எடை சரிதான், கொஞ்சம் தொப்பை மட்டும் உண்டு. கெட்ட கொலஸ்ட்ரால் 170 இருந்ததால் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக உறவின்போது விறைப்பு நீடிப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் விறைப்பைக் கெடுப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்குச் சற்று முன்னேற்றமே தெரிந்திருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகுதான் இந்தப் பிரச்சினை வந்தது என்றால், எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தரலாம்.

‘கொஞ்சம் தொப்பை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கவலையே அதில்தான். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 24.6. ஆனால் அந்தக் கணக்குக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அது இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது, ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. ரத்தக்குழாயை விரித்து விறைப்புக்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடு அந்த உட்சுவரிலும் சுரக்கிறது. கொலஸ்ட்ராலும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது.

இன்றே ஒரு டேப் எடுங்கள். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம்; தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் சைஸ் பல வருடம் மாறாமலே இருக்கும். நேராக நின்று, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். உயரத்தில் பாதி, அதாவது உங்களுக்கு 85 செ.மீ., தாண்டினால் அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் முக்கியம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மி.மீ. அகலம், இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மி.மீ. அடைப்பு முதலில் சின்னக் குழாயில்தான் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறைவு வருவதுண்டு. அதனால் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), காலை நேர டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குவதோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

வேகநடை, இரவு உணவில் குறைவு, புகை இருந்தால் அதை விடுவது, இவற்றுக்குச் சில மாதம் கொடுங்கள். விறைப்பு மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அப்புறம், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் காட்டும்போது இந்தப் பிரச்சினையையும் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல டாக்டர்கள் தாங்களாக இதைக் கேட்பதில்லை.