பழைய கைத்துப்பாக்கிக்குக் கையால் செய்த கருவிகள்: கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்க்ரூவைப் பற்றியவை. அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய கைத்துப்பாக்கி ஒன்று குடும்பச் சொத்தாக வந்திருக்கிறது. முதலில் எந்தக் கருவியைச் செய்துகொள்ள வேண்டும்?

ஒரு மரக்குச்சி போதும். குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை எடுத்து அதே கோடு வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீத்துளைக்கு அருகே வந்தால் குழல் காலி. விரற்கடை இரண்டு, மூன்று முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழைய மருந்தும் குண்டுமாகவே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழித்தும் பற்றும். நீங்களே தோண்டாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் கொடுங்கள். உங்கள் ஊர்ச் சட்டப்படி இதை வைத்திருக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: 1900-களின் தொடக்க கால ரிவால்வர். எந்த ஸ்க்ரூ டிரைவரைப் போட்டாலும் வழுக்குகிறது. ஸ்க்ரூத் தலையிலுள்ள காடி (முனை அமரும் பள்ளம்) கிழியத் தொடங்கிவிட்டது.

கோளாறு ஸ்க்ரூ டிரைவரின் முனையில் இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது காடியின் மேல்விளிம்பை மட்டுமே தொடும்; அழுத்தித் திருப்பினால் அந்தச் சரிவே அதை வெளியே தள்ளிவிடும். பழைய துப்பாக்கி ஸ்க்ரூக்களின் காடி ஒடுக்கமானது, பக்கச் சுவர்கள் நேரானவை. அதனால் முனையின் கடைசி இரண்டு, மூன்று மில்லிமீட்டராவது இருபுறமும் இணையாக இருக்க வேண்டும்.

நல்ல எஃகில் செய்த பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வைஸில் நிறுத்திப் பிடித்து, மட்ட அரத்தால் இரு பக்கமும் மாறி மாறி ராவுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை காடியில் வைத்துப் பாருங்கள். முனை காடியின் அடியைத் தொட வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. கையை எடுத்தாலும் ஸ்க்ரூ டிரைவர் விழாமல் நின்றால் பொருத்தம் சரி. அகலம் ஸ்க்ரூத் தலையைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். கூடினால் தலையைச் சுற்றியுள்ள உடலில் கீறல் விழும். கடைசியாக எமரித் தாளில் நுனியின் கூர்விளிம்புகளை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

அரம் ஏறாத அளவு முனை கடினமாக இருந்தால் சாணைக்கல்தான். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். சாணையில் நீலம் பாரித்துச் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டால் பதம் போய்விட்டது. மறுபடி தோய்க்க (சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைக்க) வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் என்பதால், திரும்பச் சூடாக்கி ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட நிறம் வரும்வரை கடினத்தை இறக்குங்கள். அது ஏறக்குறைய 280 முதல் 300 டிகிரி செல்சியஸ். இன்னும் கடினமாக வைக்கச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். முனை முறுக்கிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ராவிச் சரிசெய்யலாம். நூறு வயதான ஸ்க்ரூவுக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

ஏற்கெனவே கிழிந்த காடியில் மேலே எழும்பி நிற்கும் உலோகத்தைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய இடத்திலேயே அமர்த்துங்கள். அரம் போட்டுச் சீவினால் போன உலோகம் போனதுதான்.

கேள்வி: முனை பொருந்துகிறது, ஆனால் ஸ்க்ரூ அசையவே இல்லை.

ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் பொறுங்கள். பிறகு சூடான சால்டரிங் அயர்னை ஸ்க்ரூத் தலையில் மட்டும் கொஞ்ச நேரம் வையுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். டிரில் பிரஸ் இருந்தால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அதில் முனையை மாட்டி, காடியில் அழுத்திப் பிடித்தபடி முனையைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ பாகத்தைக் கையால் திருப்பலாம். முனை மேலே எழும்பவே வழியில்லை.

கேள்வி: சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் மெயின் ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடித்துக் கழற்றலாமா?

வேண்டாம். குறடு ஒரே புள்ளியில் கடிக்கும். அந்தக் கடி தடத்திலேயே வி வடிவ ஸ்பிரிங் பின்னொரு நாள் ஒடியும்.

இதற்கான கருவி எளிது. குதிரையை (கல்லைக் கவ்வியபடி முன்னால் பாய்ந்து அடிக்கும் பாகம்) முழுவதும் பின்னிழுத்து நிறுத்துங்கள். ஸ்பிரிங் தன் வேலைக்குத் தேவையான அளவு சுருங்கியிருக்கும். அந்த நிலையில் இரு கால்களின் வெளிப்புற அகலத்தை அளந்து, ஒரு மென்னெஃகுப் பட்டையில் அதே அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். பட்டையை ஸ்பிரிங்கின் மேல் செருகிவிட்டு, குதிரையைக் கட்டை விரலால் பிடித்தபடி விசையை விட்டு மெல்ல முன்னால் இறக்கினால், ஸ்பிரிங் பட்டைக்குள் அடங்கித் தனியே வந்துவிடும். பள்ளத்தின் உள்விளிம்புகளை மழுக்க மறக்காதீர்கள். முழு இழுப்புக்கு மேல் ஒரு நூல்கூட அமுக்காதீர்கள். திருகு வைத்த கவ்வியில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் எனக்குப் பட்டையே பிடிக்கும்.

கேள்வி: லூகர் பி08-க்கான அசல் கருவி விலை அதிகம். நகல் செய்தால் தவறா?

தாராளமாகச் செய்யுங்கள். ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்ற துப்பாக்கி இது. கருவியில் ஒரு துளை, மேகசினின் பக்கவாட்டுக் குமிழைக் கீழே இழுக்க. ஒரு முனை ஸ்க்ரூ டிரைவர். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடித்திருக்கும் பின்மூடியை உள்ளே அமுக்கிக் கால் சுற்றுத் திருப்ப அது வேண்டும். மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது. விரலால் மறைத்துக்கொண்டு, முகத்தை விலக்கி வைத்துச் செய்யுங்கள். அசலில் உள்ள முத்திரைகளை மட்டும் நகலில் பொறிக்காதீர்கள். நாளை அது யார் கைக்குப் போய் அசலென்று விற்கப்படுமோ.

மவுசர் சி96 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கைப்பிடிப் பலகையைத் தவிர அதில் ஸ்க்ரூவே கிடையாது.

கேள்வி: பின்களைத் தட்டி எடுக்கப் பித்தளைப் பஞ்ச் (சுத்தியலால் அடிக்கும் சிறு கம்பி) போதுமா?

தட்டையான முனையுள்ள பின்னுக்குப் போதும். பித்தளைத் தடம் ஒட்டினால் துடைத்துவிடலாம். பழைய பின்கள் பலவற்றின் முனை குவிந்திருக்கும். அதில் தட்டைப் பஞ்ச் வைத்தால் குவிவு நசுங்கி, பின் அகன்று, துளையிலேயே மாட்டிக்கொள்ளும். பஞ்ச் முனையில் அந்தக் குவிவுக்கேற்ற சிறு குழி வேண்டும். அரைக்கும் பசை தடவிய சிறு எஃகுக் குண்டின்மேல் பஞ்ச் முனையைச் சுழற்றிக் குழியைச் சீராக்கலாம்.

கேள்வி: ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரின் பக்கத் தகட்டை நெம்ப மெல்லிய கத்தி செய்யலாமா?

நெம்பவே கூடாது. ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, உடலின் கைப்பிடிப் பகுதியை மரச் சுத்தியலின் பிடியால் தட்டுங்கள். அதிர்வில் தகடு தானே எழும்பும்.

கேள்வி: நிக்கல் பூச்சுத் துப்பாக்கிக்கு எந்தத் துப்புரவுத் திரவம்?

அமோனியா கலந்தது வேண்டாம். பூச்சுக்கு அடியில் தாமிரப் படலம் இருந்தால், ஏதாவது விரிசல் வழியே இறங்கி அதைத் தின்றுவிடும். நிக்கல் தோல் உரியும். பழைய அரிக்கும் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உள்ள தோட்டா சுட்ட குழலாக இருந்தால் எண்ணெய் மட்டும் போதாது. உள்ளே தங்குவது ஒருவகை உப்பு. அது தண்ணீரில்தான் கரையும். வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.