சொசைட்டிக் கடன்: கேட்டதும் சொன்னதும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், அதாவது நம்ம ஊர் சொசைட்டியில், செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடனையும் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வட்டியில்லாப் பயிர்க்கடன் என்றார்கள். இப்போது 7 சதவீதம் கேட்கிறார்களே ஐயா?

கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லை. அந்த 7 சதவீதத்தை உங்களுக்காக அரசு ஏற்கிறது. கெடு தாண்டினால் சலுகை போச்சு. என் காலத்தில் ஒருவர் வேட்டி முடிச்சில் முழுப் பணத்தோடு வந்து நின்றார், கெடு முடிந்த மறுநாள் காலையில். நெல் விற்ற காசு முந்தின நாள் இருட்டின பிறகுதான் கைக்கு வந்ததாம். ரசீது போட்ட என் கைக்கே வலித்தது. கடன் பத்திரத்தில் இருக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

குத்தகை நிலம். எனக்குக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் வைத்தார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கில், சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயர் ஏற வேண்டும். நிலக்காரர் பயந்து அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், சிக்கலே அங்கேதான். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ரொக்கம் கேட்டால் பாதியை உரமாகத் தருகிறார்கள். இது சரியா?

பயிர்க்கடனில் ஒரு பகுதி உரமாக வருவது முறைதான். கேட்காத சரக்கைத் தலையில் கட்டுவதுதான் தப்பு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பில் இல்லாமல் தூக்காதீர்கள்.

நான் வாங்காத கடன் என் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், "புதுக் கடன் போட்டுச் சரிக்கட்டிவிடலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். போட்டால் அந்தக் கடன் உங்களுடையதே ஆகிவிடும். சங்கத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, கடன் பத்திர நகல் கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அப்புறம் கூட்டுறவுத் துறைத் துணைப் பதிவாளருக்கு எழுதுங்கள். கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணை வைத்து, கையாடல் உறுதியானால் 87-ஆம் பிரிவில் தண்டத் தீர்வை, அதாவது நஷ்டத்தை ஈடுகட்டும் தொகை, போட்டுச் செய்தவரிடமே வசூலிக்க வழியிருக்கிறது. போலீஸ் புகார் தனி. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பாஸ்புக்கை வருஷக்கணக்கில் சங்கத்திலேயே விட்டுவைப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

சங்கத்தில் தலைவரைக் காணோம், எல்லாம் அதிகாரி கையில்தானா?

2018-ல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் 5 ஆண்டுப் பதவிக்காலம் 2023-ல் முடிந்தது. அதன் பிறகு அதிகாரிகளிடம் பொறுப்பு போனது. தேர்தல் வந்தால் இணை உறுப்பினருக்கு, அதாவது முழு உறுப்பினர் அல்லாதவருக்கு, ஓட்டு இல்லை. நீங்கள் எந்த வகை என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் சேர்ந்தால் சொசைட்டியை விட வேண்டுமா?

வேண்டாம். அது கம்பெனிச் சட்டத்தில் வருவது, 10 விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். விளைச்சலை அங்கே விற்றுக்கொண்டே பயிர்க்கடனை இங்கே வாங்கலாம்.